ராஜபாண்டியன் சாரின் ஃபைல்

ராஜபாண்டியன் சார் டிவியில் வட்டம் போட ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. ஓடுகிற கால்பந்து ஆட்டத்தை நிறுத்திவைத்து, ஆட்டக்காரிக்குப் பக்கத்தில் மஞ்சளில் ஒரு வட்டம் போடுவார். "இந்த இடம் காலியா இருக்கு பாருங்க நேயர்களே. இதத்தான் பதினோரு வருஷம் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தேன்" என்பார். நீலக் கோட்டு, டை, முகம் நிறைய பவுடர்.

பாண்டிமீனா அதைப் பார்த்தாலே சேனலை மாற்றிவிடுவாள். சிவகாசியில் அவர் வேலை பார்த்த கல்லூரியின் பெண்கள் கால்பந்து அணியில் மூன்று வருஷம் ஆடியவள் அவள். கடைசி வருஷம் கேப்டன். சார் சொல்லிக்கொடுத்தது என்றால், வேப்பமரத்து நிழலில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்து, "ஓடுங்கட்டீ, தின்னது செரிக்கட்டும்" என்று கத்தியதுதான். காலி இடத்தைக் கண்டுபிடித்ததெல்லாம் பிள்ளைகளேதான். அவர் பைக்கைக் கழுவ ஒருத்தி, ரெக்கார்டு எழுத ஒருத்தி, ஃபைலைத் தேடி எடுத்துக் கொடுக்க ஒருத்தி என்று வைத்திருந்தார். ஒரு காகிதத்தை அவர் கையால் புரட்டி யாரும் பார்த்ததில்லை.

கடைசி வருஷப் பல்கலைக்கழக இறுதி ஆட்டத்தன்று பாண்டிமீனாவின் முட்டி வீங்கிப் பூசணிக்காய் கணக்காக இருந்தது. சார் வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டு இறக்கிவிட்டார். ஜெயித்தார்கள். முட்டியில் தசைநார் அறுந்தது. சார் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எடுத்த போட்டோ சென்னைச் சேனல்காரர்கள் கண்ணில் பட்டது. தமிழில் மடமடவென்று பேச அவர்களுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. சார் கோட்டு மாட்டிக்கொண்டார். பாண்டிமீனா டைரி அச்சடிக்கிற கம்பெனியில் பக்கம் சரிபார்க்கப் போனாள். பி.காம். படித்தவளுக்கு எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. சாயங்காலம் படி இறங்கும்போது உயிர் போகும்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க கிளார்க் வேலைக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை. வெள்ளிக்கிழமை கடைசி நாள். அந்த இறுதி ஆட்டத்துச் சான்றிதழ் இருந்தால் போதும். கல்லூரி ஆபீசில் கேட்டால், "எல்லாம் சார் ஃபைல்ல கெடக்கு. ஃபைல அவரு கொண்டு போயிட்டாரு" என்றார்கள். சார் நாலு மாதமாகப் போனை எடுக்கவில்லை. கடைசி வாரத்தில் திடீரென்று அவரே கூப்பிட்டார்.

"ஏ பாண்டி! சொகமா இருக்கியா? என்னப் பத்தி நம்ம சேனல்ல ஒரு மணி நேர புரோகிராம் எடுக்காக. நீ ரெண்டே வரி சொல்லணும். எட்டு வயசுல பட்டாசுக் கம்பெனில திரி வெட்டிக்கிட்டு இருந்தேன், சார்தான் கையப் பிடிச்சு கிரவுண்டுக்குக் கூட்டியாந்தாருன்னு."

"எட்டு வயசுல நான் மூணாங்கிளாஸ் படிச்சேன் சார்."

"அது நமக்குத் தெரியும். மெட்ராஸ்காரனுக்குச் சிவகாசின்னா சின்னப்பிள்ள வேணும்லா?"

"என் சர்டிபிகேட்டு?"

"புதன்கிழமை கொண்டாறேன். பேசு, வாங்கிட்டுப் போ."

அம்மா செல்லத்தாய் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் பத்தொன்பது வருஷமாக வேன் ஏறிக்கொண்டிருப்பவள். விஷயத்தைக் கேட்டதும் கொதித்துவிட்டாள். "அப்படிச் சொல்லித் தொலைச்சிராதட்டீ. போன சீசன்ல எவனோ சின்னப்பிள்ளைக வேல பாக்குதுன்னு பொய்யா ஒரு வீடியோ போட்டான். ஆபீசருக வந்து மூணு வாரம் பூட்டிட்டாக. அம்புட்டுப் பேரும் பட்டினி. ஒன்ன ஒருநாளாச்சும் கம்பெனி வாசல மிதிக்க விட்டிருக்கேனா நான்?"

"இல்லம்மா."

"பெறகு?"

ஆனாலும் பாண்டிமீனா புதன்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த இரண்டு வரியையும் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தடவை குரல் தானாகவே தழுதழுத்தது. அவ்வளவு நன்றாக வந்ததுதான் அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

கல்லூரி விளையாட்டு அறையில் விளக்கும் கேமராவும் தயாராக இருந்தன. பவுடர் கோட்டில் படாமல் இருக்க, சார் காலரைச் சுற்றி டிஷ்யூ பேப்பர் சொருகியிருந்தார். நெஞ்சில் சின்ன மைக். சேனல்காரப் பெண் ரோஷினி ஒரு கிண்ணத்தோடு வந்தாள்.

"அக்கா, கைல கொஞ்சம் கரி தடவிக்கிறீங்களா? ஃபீல் கிடைக்கும்."

"பட்டாசு மருந்து கைல வெள்ளியாத்தான் ஒட்டும் தங்கச்சி. இதப் பூசுனா டீக்கடைல அடுப்புக் கரி அள்ளுன மாதிரி இருக்கும்."

ரோஷினி கிண்ணத்தை மறைத்துக்கொண்டாள். பாண்டிமீனா சார் பக்கம் திரும்பினாள். "மொதல்ல சர்டிபிகேட்டு சார்."

"அந்தா பெஞ்சில ஃபைல் கெடக்கு. தேடி எடுத்துக்க. எனக்கென்ன தெரியும் அதெல்லாம்?"

தேடினாள். கடைசி வருஷத்துக் கட்டு அடியில் இருந்தது. கூட ஆடிய மாரிசெல்வி, தங்கத்தாய் என்று சான்றிதழ் நகல்கள் ஒவ்வொன்றாக வந்தன. எட்டாம் நம்பர் ஆட்டக்காரி என்று போட்ட சான்றிதழின் நகலில் ஹர்ஷினி என்று இருந்தது. எட்டாம் நம்பர் பாண்டிமீனாவுடையது. ஹர்ஷினி கல்லூரிச் செயலாளரின் தம்பி மகள். வெயில் ஆகாது என்று மைதானத்துப் பக்கமே வராதவள். விளையாட்டு ஒதுக்கீட்டில்தான் அவளுக்குக் கோயம்புத்தூரில் மேல்படிப்பு கிடைத்தது என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். எந்த விளையாட்டு என்று யாரும் கேட்கவில்லை.

பின்னால் அணிப் பட்டியல் இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் அதிகாரிகள் முகம் பார்த்துச் சரிபார்க்கிற தாள். எட்டாம் எண்ணுக்கு நேரே பாண்டிமீனாவின் போட்டோ, பக்கத்தில் ஹர்ஷினியின் பெயர். கீழே சாரின் கையெழுத்து, முத்திரை. அன்றைக்கு வரிசையில் நிற்கும்போது, "நம்பரக் கூப்பிட்டா மூஞ்சியக் காட்டு, வாயத் தொறக்காத" என்று சார் சொன்னது ஏனென்று இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவள் பெயரில் சான்றிதழே கிடையாது. தாள்படி ஆடியது ஹர்ஷினி. முட்டி போனது மட்டும் இவளுக்கு.

"சார், இது யாரு?"

எட்டிப் பார்த்தவர் சட்டென்று மைக்கைப் பொத்திக்கொண்டார். "மேனேஜ்மென்ட்ல கேட்டாக. நான் மாட்டேன்னு சொல்ல முடியுமா? நீ வேலைக்கெல்லாம் போவேன்னு யாரு கண்டா?"

"போவமாட்டேன்னு யாரு சொன்னா?"

"மெதுவாப் பேசு, மைக்கு ஓடுது." குரலை இன்னும் இறக்கினார். "இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்குத! நான் புதுசா ஒண்ணு போட்டுத் தாறேன். பழைய லெட்டர்பேடு இருக்கு, சீலு இருக்கு. எந்த மேட்ச்சு, எந்தத் தேதி வேணும், சொல்லு."

சட்டைக்கு அளவு கேட்கிற மாதிரி கேட்டார். பாண்டிமீனாவுக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது. போனை எடுத்து அந்த அணிப் பட்டியலைப் படம் பிடித்தாள். பழைய அணியின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. 'அடப்பாவி மனுசா' என்று தங்கத்தாய். 'எம்பேரு இருக்கா பாரு' என்று மாரிசெல்வி. 'முந்துன வருசத்தையும் பாருட்டீ, எனக்கும் சர்டிபிகேட்டு வரல' என்று அதற்கு முந்தைய வருஷ அணியில் ஆடிய கருப்பம்மாள்.

பாண்டிமீனா பெஞ்சில் உட்கார்ந்து, மடக்க முடியாத காலை நீட்டிக்கொண்டு, முந்தைய வருஷத்துக் கட்டைப் பிரித்தாள்.

"சார், ரோல் பண்ணலாமா?" என்றாள் ரோஷினி.

சாரின் பவுடருக்கு மேல் வேர்வை கோடு கோடாக இறங்கியது.

கருப்பம்மாளின் போட்டோவுக்குப் பக்கத்திலும் வேறு பெயர்தான் இருந்தது. பாண்டிமீனா இரண்டு தாளையும் உருவி மடித்துப் பைக்குள் வைத்தாள். வெள்ளிக்கிழமைக்குள் எதுவும் நடக்காது, கிளார்க் வேலை போனது போனதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

"அது என் ஃபைல்ட்டீ. குடு இங்கன" என்றார் சார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"கையெழுத்துத்தான் ஒங்களுது சார். மூஞ்சி எங்களுது."

மாரிசெல்விக்குப் போன் போட்டாள். "ஏட்டி, பல்கலைக்கழக ஆபீசு எம்புட்டு நேரம் தொறந்திருக்கும்? மதுர பஸ் ஏறப்போறேன். கருப்பம்மாளப் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லு."