சிவப்புப் புள்ளி நின்ற பக்கம்

பொருளுக்கும் ஆயுசு உண்டு என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஸ்பீக்கர் என்றால் ஸ்பீக்கர், வாட்ச் என்றால் வாட்ச். பெட்டியில் போட்டு ஒட்டி அனுப்பிவிட்டால் நம் பாடு முடிந்தது என்றுதான் இருந்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து மூன்று பேர் அந்தக் கம்பெனிக்குப் போகிறோம். என் வீட்டுக்காரரும் அவர் தங்கையும் முதல் கூடத்தில் ஸ்பீக்கர் அடுக்குகிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் உருண்டை ஸ்பீக்கர். இரண்டாம் கூடத்தில் நாடி பார்க்கிற சதுர வாட்ச். இரண்டு கூடத்துக்கும் காலிப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பது நான். ராத்திரி படுத்த பிறகும் என் கால் மட்டும் தனியாக நடந்துகொண்டிருக்கும்.

அன்று காலை சூப்பர்வைசர் முதல் கூடத்துக்கு வந்தார். "வாட்ச் பக்கம் ஆறு பேர் வேணும். போனா போனதுதான், திரும்பி வர முடியாது. சாப்பாட்டு மணிக்குள்ள சொல்லிடுங்க" என்றார்.

இரண்டில் ஒன்றைக் கம்பெனி நிறுத்தப் போகிறது என்று கொஞ்ச நாளாகவே பேச்சு. எதை என்றுதான் தெரியாது. நிறுத்தினால் அந்தக் கூடத்தில் நிற்பவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போகவும் பயம், இருக்கவும் பயம்.

"நீதான் ஆபீஸ் பக்கமா வண்டி தள்ளுறியே, ஏதாவது காதுல விழுந்துச்சா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

காதில் விழவில்லை. கண்ணில் பட்டிருந்தது.

நடைபாதையை ஒட்டி ஆபீஸ்காரர்கள் கூடிப் பேசும் அறை இருக்கிறது. அதன் சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடியிலேயே கறுப்பு மையால் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு மேடு வரைந்திருந்தார்கள். மேல் மேட்டுக்குள் ஒரு வட்டம், கீழ் மேட்டுக்குள் பட்டை வைத்த சதுரம். வட்டம் ஸ்பீக்கர், சதுரம் வாட்ச். இது புரியப் படித்திருக்க வேண்டியதில்லை. மேட்டுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. ஸ்பீக்கரின் புள்ளி உச்சியைத் தாண்டி வலப்பக்கம் இறக்கத்தில் நின்றது. வாட்சின் புள்ளி இடப்பக்கம், பாதி ஏற்றத்தில்.

அடியில் எழுத்தும் இருந்தது. நான் எழுத்துக்கூட்டக் கற்றது தலை நரைக்கத் தொடங்கிய பிறகு. பஸ் பலகை வாசிப்பேன், பெட்டி மேல் உள்ள பெயர் வாசிப்பேன். இது பிடிபடவில்லை. 'ப' மட்டும் ப-வாக இருந்தது. மற்றதெல்லாம் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. ஆபீஸ்காரர்கள் அவசரத்தில் எழுதுகிற எழுத்து, நம் படிப்புக்கு எட்டாது என்று விட்டுவிட்டேன். படம்தான் தெளிவாக இருந்ததே.

"ஸ்பீக்கர் எறங்குதுங்க. வாட்ச்தான் ஏறுது. நீங்க கை தூக்கிடுங்க" என்றேன்.

நாத்தனார் பெட்டியை மூடிக்கொண்டே சிரித்தாள். "பண்டிதை அண்ணி சொல்லிட்டாங்க, அண்ணே! போன மாசம் பஸ் பலகையைப் படிச்சு நம்மள எங்க கொண்டுபோய் எறக்குனாங்கன்னு ஞாபகம் இருக்குல்ல?"

"அது பஸ்ஸோட தப்பு."

"ஆமா, பஸ்ஸுக்குத்தான் படிக்கத் தெரியல."

அவர் என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். பிறகு சொறிந்த கையை அப்படியே மேலே தூக்கிவிட்டார். நாத்தனார் தூக்கவில்லை. அன்று மதியமே அவர் வாட்ச் கூடத்துக்குப் போய்விட்டார். ஆறில் ஐந்து இடம்தான் நிரம்பியது.

மறுநாள், மாதிரிப் பெட்டிகளை அந்தக் கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய் வைக்கச் சொன்னார் சூப்பர்வைசர். வாசலைத் தாண்டி நான் உள்ளே போனது அதுதான் முதல் தடவை. கோட்டுப் போட்ட மேனேஜர் தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

எழுத்துகள் என்னை நேருக்கு நேர் பார்த்தன.

பிறப்பு. வளர்ச்சி. முதிர்ச்சி. சரிவு. ஒவ்வொன்றாகக் கூட்டினேன். எல்லாம் வந்தது. வட்டத்தின் புள்ளி வளர்ச்சிக்கு மேலே இருந்தது. சதுரத்தின் புள்ளி சரிவுக்கு மேலே. கண்ணாடிக்கு அந்தப் புறம், நேற்று நான் நின்ற இடத்தில், என் தள்ளுவண்டி நின்றுகொண்டிருந்தது. அங்கிருந்து நான் பார்த்தது படத்தின் முதுகை.

"என்னம்மா, படிக்கிறியா?" என்றார் மேனேஜர்.

"ஐயா, அப்போ ஸ்பீக்கர் ஏறுதா?"

"ஏறுதாவா? பிச்சுக்கிட்டுப் போகுது."

"வாட்ச்?"

"அது வாழ்ந்து முடிச்சாச்சு. கொஞ்சம் கொஞ்சமா எறங்கும்." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு நல்ல சேதி சொல்பவர் போலச் சிரித்தார். "ஸ்பீக்கருக்குப் பெட்டி மடிக்கிற மெஷின் வருது. அதுவே மடிச்சு, அதுவே ஒட்டிடும். பாதி ஆள் போதும்."

"வாட்சுக்கு மெஷின் வரலீங்களா?"

"போற உயிருக்கு யாராவது புதுச் சட்டை தைப்பாங்களா? இருக்கிற கையை வச்சே ஓட்டிக்க வேண்டியதுதான்."

"எத்தனை நாளைக்குங்க?"

"ஆறு மாசமும் ஓடும், மூணு வருஷமும் ஓடும். வாங்குறவன் கையில இருக்கு."

வெளியே வந்து வண்டியைப் பிடித்தேன். தள்ளுவதா இழுப்பதா என்றே ஒரு நிமிஷம் தெரியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் மேசையில் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணனும் தங்கையும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"அப்போ ஏறுற பொருளை வச்சிருக்கிற நான் வெளிய போவேன். எறங்குற பொருளை வச்சிருக்கிற அண்ணன் உள்ள இருப்பார். இதுக்குப் பேருதான் படிப்பா அண்ணி?" என்றாள் நாத்தனார். குரலில் நேற்றைய கேலி பாதிதான் இருந்தது.

"அவர் கூடம் மட்டும் எத்தனை நாளைக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"ஏம்மா, இப்ப நான் உன்னைத் திட்டணுமா, கும்பிடணுமா?" என்றார் அவர்.

"தெரியலங்க."

அவர் டம்ளருக்குள் விரலை விட்டு மேசை மேல் ஈரத்தால் ஒரு மேடு வரைந்தார். ரொட்டியில் ஒரு துணுக்கைப் பிய்த்து அதன் மேல் வைத்தார். "இந்தா, எறக்கத்துல நான்."

எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு மேடு தலைகீழாகக் குழி மாதிரித் தெரிந்தது. துணுக்கு அதற்குள்ளிருந்து ஏறிக்கொண்டிருந்தது. "எனக்கு ஏத்தமாத்தாங்க தெரியுது" என்றேன்.

"எனக்கு மேடே தெரியல, வளைஞ்ச சுவரு மாதிரி நிக்குது" என்றாள் பக்கவாட்டில் இருந்த நாத்தனார்.

"நீ இந்தப் பக்கம் வந்து பாரு."

எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்குள் ஈரம் பாதி காய்ந்திருந்தது. எந்தப் பாதி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மணி அடித்தது. அவர் துணுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு இரண்டாம் கூடத்துப் பக்கம் நடந்தார். நாத்தனார் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"அங்க இன்னும் ஒரு இடம் இருக்காம் அண்ணி. நான் கை தூக்கவா, வேணாமா? நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

பஸ் பலகையை மறந்துவிட்டாள் போலிருக்கிறது. நான் மேசையைப் பார்த்தேன். அதில் ஒன்றும் மிச்சமில்லை.