எதற்கு என்று கேட்காத காசு

இரும்புக்கடைக்காரரின் கை அந்த உறையில் நின்றுவிட்டது. கூடத்தில் பேச்சும் நின்றுவிட்டது.

மகளுக்கு அன்று பதினாறாவது பிறந்தநாள். வந்தவர்கள் கொடுத்த காசு உறைகளை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து, யார் கொடுத்தது, எவ்வளவு என்று உரக்க வாசித்து, தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். வருடா வருடம் இப்படித்தான். "எல்லாம் அவ கல்யாணத்துக்கு" என்பார். போன வருடக் கல்யாணம் தண்ணீர் மோட்டாருக்கு நடந்தது. அதற்கு முந்தின வருடம் கடைக் கதவுக்கு.

இப்போது கையிலிருந்த உறையை எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.

"அம்மான்னு போட்டிருக்கு. எந்த அம்மா?"

"எம் மருமகளுக்கு எத்தனை அம்மா மாப்ள வச்சிருக்கீங்க?" என்றார் அவர் மனைவியின் அண்ணன், வாய் நிறையக் கேக்கோடு. கூடமே சிரித்தது.

அடுக்களை வாசலில் நின்ற அந்த அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. காலையிலிருந்தே அப்படித்தான். பாலில் உப்பைப் போட்டாள். விளக்குமாற்றை அலமாரிக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினாள். சிரிப்பு வந்தபோதெல்லாம் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தாள்.

பதினேழு வருடக் குடித்தனத்தில் அவளுக்கென்று ஒரு காசு இருந்ததில்லை. கேட்டால் கிடைக்கும், அவர் ஒன்றும் கஞ்சர் இல்லை. ஆனால் பணம் வருவதற்கு முன்னால் "எதுக்கு?" வரும். கொண்டை ஊசி என்றாலும் எதுக்கு, செருப்பு வார் அறுந்தாலும் எதுக்கு. ஒருநாள் மகளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், மாதாமாதம் பெண்களுக்கு வேண்டியதை வாங்கக் காசு கேட்டாள். ஆணி வாங்க வந்த நாலு ஆண்கள் நின்றிருந்தார்கள். அன்றும் அதே "எதுக்கு?" பதில் சொல்லாமல் திரும்பி வந்து பழைய துணியைக் கிழித்தாள். காசு தேவைப்பட்டது அவளுக்கு அல்ல, மகளுக்கு. துணி கிழிகிற சத்தத்தை அந்தப் பெண் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுவாரமே அம்மா பின்தெரு அச்சகத்துக்குப் போனாள். அழைப்பிதழ் உறைகளில் விலாசம் எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் வீடு காலியானதும் உட்கார்ந்து எழுதுவாள். நாலு மாதம் ஓடிற்று. ஊர் பாதிக்கு அவள் கையால்தான் கல்யாணச் சேதி போயிருக்கிறது, ஊருக்குத் தெரியாது.

இரும்புக்கடைக்காரர் உறைக்குள்ளிருந்த சீட்டை எடுத்து, பழக்க தோஷத்தில் உரக்கவே வாசித்தார்.

"மகளுக்கு. எதற்கு என்று கேட்க மாட்டேன்."

உள்ளே மடித்திருந்த நோட்டுகள் இரண்டு விரலுக்கு நடுவில் விறைப்பாக நின்றன.

"ஏது உனக்கு இவ்ளோ காசு?"

அவள் பதில் சொல்வதற்குள் அவருடைய அக்கா முந்திக்கொண்டாள். "அவள என்னத்த கேக்குற? மொதல்ல உன் பர்ஸப் பாருடா தம்பி."

பார்த்தார். விருந்தாளிகள் எல்லோரும் பார்க்கப் பார்த்தார். எச்சில் தொட்டு எண்ணினார்.

"கொறையுதா?"

"இல்லக்கா."

"நல்லா எண்ணு. நோட்டு ஒட்டிக்கிட்டிருக்கும்."

மறுபடி எண்ணினார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மூன்றாம் முறையும் எண்ணினார்.

"பீரோ சாவி?"

"என் இடுப்புலதான் இருக்கு."

ஒன்றுமே தொலையவில்லை. ஆனால் எல்லாம் தொலைந்துபோன முகத்தோடு அவர் நின்றார். பத்து ரூபாய் குறைந்திருந்தால்கூட அந்த முகம் தெளிந்திருக்கும். பெண்டாட்டி திருடினாள் என்றால் அது அவர் காசு. அதட்டலாம், மன்னிக்கலாம், பத்து வருடம் சொல்லிக்காட்டலாம். இதை என்ன செய்வது?

மகள் எழுந்து போய், கண்ணாடிச் சட்டத்தில் செருகியிருந்த ஓர் அழைப்பிதழ் உறையை உருவி வந்தாள். இரண்டு மாதத்துக்கு முன் கடை விலாசத்துக்கு வந்தது. அவர் பெயரின் கடைசி எழுத்துக்கு அழகாக ஒரு வளைவு. அந்த அழகுக்காகவே அதை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து செருகி வைத்திருந்தார்.

"அப்பா, இத எழுதினவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்னு வர்றவங்ககிட்டயெல்லாம் சொன்னீங்களே?" இரண்டு உறைகளையும் அவர் மூக்குக்கு நேராகப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள். "அந்த 'அவன்' அடுக்களை வாசல்ல நிக்கிறான். காப்பு எப்போ?"

அவர் இந்த உறையைப் பார்த்தார், அந்த உறையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பதினேழு வருடத்தில் அவள் எழுதி அவர் பார்த்ததே இல்லை. மகளின் மதிப்பெண் அட்டையில்கூடக் கையெழுத்துப் போடுவது அவர்தான்.

"குடும்பப் பொம்பள கூலிக்கு எழுதுறதா! ஊர் என்ன சொல்லும்?" என்றாள் அக்கா.

"கையெழுத்து பிரமாதம்னு சொல்லும். மாப்ளயே சொல்லிட்டாரே!" என்றார் மனைவியின் அண்ணன். கேக் புரையேறி அவர் முதுகில் நாலு பேர் தட்டவேண்டியதாயிற்று.

அந்த அமளியில் மகள் அப்பாவின் விரலிடுக்கிலிருந்து நோட்டுகளை மெல்ல உருவிக்கொண்டாள். "இது உங்க பைக்குள்ள போகாதுப்பா." பிறகு அம்மாவிடம் ஓடினாள்.

"நெஜமாவே கேக்க மாட்டியா?"

"மாட்டேன்."

"ஒரே ஒரு தடவ கேளேம்மா. சொல்லணும்போல இருக்கு."

"போடி. மாட்டேன்னா மாட்டேன்." கேட்கத் துடித்த நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டாள். இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. குழாயைத் திறக்க வேண்டுமே என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

அப்போது வாசலில் வாடகை நாற்காலிக்காரர் வந்து நின்றார். இரும்புக்கடைக்காரர் பர்ஸிலிருந்து ஒரு பெரிய நோட்டை நீட்டினார்.

"இதுக்குச் சில்லறை இல்லீங்களே."

அக்காவிடம் இல்லை. மைத்துனரிடம் இல்லை. கூடத்தில் ஒருவரிடமும் இல்லை. அவர் கண் சுற்றிச் சுற்றி வந்து, வேறு போக்கிடம் இல்லாமல், அடுக்களை வாசலில் நின்றது.

"உன்கிட்ட... சில்லறை ஏதாவது இருக்கா?"

அவள் ஈரக் கையை நிதானமாகத் துடைத்துக்கொண்டாள்.

"எதுக்கு?" என்றாள்.

"நாற்காலிக்கும்மா" என்றார் வாசலில் நின்றவர், பாவம், ஒன்றும் தெரியாமல்.

அவர் சொன்னது காதில் விழாதவள்போல, அவள் தன் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.