நடுவரின் கீழுதடு

நான்கு மாதமாக ஆறாத புண் அது. கீழுதட்டின் வலப்பக்கம், மிளகளவு. பொருக்குத் தட்டும், உதிரும், ரத்தம் கசியும். கால்பந்து நடுவரான அவள் பழியை விசில் மேல் போட்டு, இரண்டு விசில் மாற்றிப் பார்த்தாள். புண் அசையவில்லை.

"விசிலைத் திட்டினது போதும், ஏறு வண்டியில," என்று பஸ் மெக்கானிக்கான கணவன் அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனான்.

தோல் மருத்துவர் ஒரு துணுக்கு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். பத்தாம் நாள் எதிரே உட்காரவைத்துச் சொன்னார்.

"இது புற்றுநோய்தாம்மா. பதினெட்டு வருஷமா மைதானத்துல பட்ட வெயில் அந்த உதட்டுலதான் விழுந்திருக்கு. கழுத்துக்குப் பரவலை, ஸ்கேன்ல பார்த்துட்டேன். சீக்கிரம் எடுத்துட்டா பிழைச்சோம்."

அவள் கேட்டாள். "எடுத்தா விசில் ஊத முடியுமா?"

அதற்குப் பதில் சொன்னவர், அவர் அனுப்பிவைத்த அறுவை மருத்துவர். "கால்வாசி உதடு போகும். மிச்சத்தை இழுத்துத் தைப்பேன். பாதி என் கையில, பாதி உங்க கையில. வியாழக்கிழமை வர்றீங்களா?"

அந்த வியாழக்கிழமைதான் லீக் இறுதிப்போட்டி. அதை நடத்த அவளை நியமித்தது அதுவே முதல்முறை. வராந்தாவிலிருந்தே சங்கச் செயலாளருக்கு போன் போட்டாள்.

"ஆபரேஷனை ஒரு வாரம் தள்ளிப்போடக் கூடாதாம்மா?"

"ஃபைனல் அடுத்த வருஷமும் வரும் சார். உதடு வராது. வேற ஆளைப் போடுங்க."

சொல்லிவிட்டாளே ஒழிய, மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு அறுவைக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை, மரத்துப்போகும் ஊசிக்கு முன்பே மருத்துவர் உதட்டின் விளிம்பில் பேனாவால் புள்ளி வைத்தார். "ஊசி போட்டா வீங்கிடும். விளிம்பு மயிரிழை பிசகினாலும் முகத்துல தெரியும்," என்றார். ஆப்பு வடிவில் வெட்டிய சதை பக்கத்து அறைக்கு, நுண்ணோக்கிக்குப் போனது. காயத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

மருத்துவர் திரும்பி வந்தார். "இடது ஓரத்துல இன்னும் கொஞ்சம் ஒட்டிட்டிருக்கு. மறுபடி எடுக்கணும்."

பேச முடியாது. இரண்டு கைகளையும் முன்னால் வீசிக் காட்டினாள். ஆட்டம் நடக்கட்டும் என்று மைதானத்தில் காட்டும் சைகை. பந்தையே பார்த்திராத நர்ஸுக்கும் அது புரிந்தது. இரண்டாவது துண்டின் ஓரங்கள் சுத்தம் என்று வந்தபிறகுதான் தையல் விழுந்தது.

வீட்டில் ஒரு வாரம் எழுதிக் காட்டியே பேசினாள். "நான் சொல்லி மூடாத வாய், டாக்டர் மூடிட்டாரு," என்றான் கணவன். சிரித்தால் தையல் இழுக்கும் என்பதால் தலையணையை வீசினாள்.

ஆறாவது வாரம் ஊத அனுமதி கிடைத்தது. ஊதினாள். வலது மூலையில் காற்றுதான் புஸ்ஸென்று போனது. பொத்தானை அழுத்தினால் கத்தும் மின்விசில் ஒன்றைச் சங்கம் அனுப்பியது. மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டாள். இறுகிப்போன வாயை விரலால் விரித்துப் பழக்கினாள்; விசிலை இடப்பக்கம் நகர்த்திக் கடித்தாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்து ஓயும்வரை தினமும் பயிற்சி.

நான்காவது மாதம் சின்ன ஆட்டம் ஒன்று கிடைத்தது. தொப்பி, உதட்டில் வெயில் களிம்பு. இருபதாவது நிமிடம் ஒருவன் எதிராளியின் காலை வாரினான். ஓட்டத்தில் விசில் மெலிந்துவிட்டது. அவன் காதில் விழாதவன்போலப் பந்தோடு போனான்.

விரட்டிப் பிடித்தாள். மஞ்சள் அட்டையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"காதுல விழலைன்னா பரவாயில்ல. கண்ணு தெரியுதில்ல?"

மைதானமே சிரித்தது. அவன் பந்தை விட்டுவிட்டுப் பின்வாங்கினான். அவள் விசிலை இடப்பக்கம் கவ்வி, மூச்சை நிறைத்து, மறுபடி ஊதினாள்.