இடது பக்கம் சுற்றிய பன்

நாலு மாதமாக அவனுக்கு எதுவும் ருசிக்கவில்லை. காபியும் வெந்நீரும் ஒன்றுதான். இரண்டு நாள் லீவில் இந்த ஊருக்கு வந்தவனை, மனைவியின் தங்கை தன் வீட்டில் சும்மா உட்காரவிடவில்லை. தட்டில் போட்ட சோறு போட்டபடியே திரும்பி வந்ததைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"கிளம்புங்க மாமா. இங்க தெருவுக்கு ஒரு பேக்கரி. ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு வாங்குவோம். உங்களுக்கு இறங்கலைன்னா நான் எதுக்கு இருக்கேன்?"

அவன் மனைவி கல்யாணத்துக்கு முன் நான்கு வருடம் இந்த நகரத்தில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தவள். எந்தக் கடை என்று தங்கைக்கும் தெரியாது; அப்போது அவள் வேறு ஊர் ஹாஸ்டலில் இருந்தாள். அவனும் கேட்டதில்லை. கேட்க நிறைய நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தான்.

முதல் கடையில் பஃப்ஸ். பாதி வாய்க்குள்ளும் பாதி சட்டையிலும் போனது. இரண்டாவதில் கேக். மூன்றாவதில் கிரீம் ரோல்.

"எப்படி இருக்கு?"

"இருக்கு."

"இருக்கறது தெரியுது. நல்லா இருக்கா?"

"இருக்கு."

"உங்களுக்குப் பதிலா இந்த விளக்குக் கம்பத்தைக் கூட்டிட்டு வந்திருந்தா அதாவது ரெண்டு வார்த்தை பேசியிருக்கும்."

நான்காவது கடையில் கூட்டம். கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் மாவு மேசை. முன்னால் இருந்த கண்ணாடிப் பெட்டியின் நடுத்தட்டில் சுருள் பன் அடுக்கியிருந்தது. மேலே ஓர் அட்டை: 'எங்கள் தாத்தா கண்டுபிடித்த சுருள். மூன்று தலைமுறை ரகசியம்.'

அவன் குனிந்து பார்த்தான். மாவைக் கயிறு போல முறுக்கி, நத்தைக் கூடாகச் சுற்றியிருந்தார்கள். சுற்று இடது பக்கமாகப் போனது. அத்தனை பன்னும் இடது பக்கம்.

அவன் மனைவி இடது கைக்காரி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இதைத்தான் சுடுவாள். "உன் பன்னுக்கு ரிவர்ஸ் கியர்தான்டி" என்று அவன் சீண்டுவான். "முன்னாடி போற பன்னு வேணும்னா கடையில போய்த் தின்னு" என்பாள்.

ஒன்று வாங்கிக் கடித்தான். சர்க்கரை. கடைசியில் நாக்கு நுனியில் ஓர் உப்புக் கல். அதுவும் அவள் வேலைதான்.

"இது உங்க அக்கா சுட்டது" என்றான்.

மைத்துனி அவனைப் பயத்தோடு பார்த்தாள். அவன் அதற்குள் கல்லாவுக்குப் போய்விட்டான்.

"இது யார் பண்ணினது?"

முதலாளி அட்டையைக் காட்டினார். "படிக்கத் தெரியும்ல? எங்க தாத்தா."

"உங்க தாத்தா இடது கையா?"

"தம்பி, பின்னாடி ஆள் நிக்குது."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், தலையில் வலை போட்ட ஒரு பெண் மாவு சுற்றுவதை நிறுத்தியிருந்தாள். வெளியே எட்டிப் பார்த்தாள். "சுருள் அக்காவைக் கேக்கறீங்களா? நீங்க அவங்களுக்கு யாரு?"

"வீட்டுக்காரன்."

"ஐயோ, உக்காருங்க! எனக்கே அவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க. எப்படி இருக்காங்க?"

அவன் கையிலிருந்த பன்னைப் பார்த்தான். "அக்கா இல்லைங்க. நாலு மாசமாச்சு" என்றாள் மைத்துனி.

வலைக்காரி மாவுக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலாளி பெருமூச்சு விட்டார். "வருத்தமான விஷயம்தான். இங்க வேலை பார்த்துட்டுப் போன பொண்ணுங்க எத்தனையோ. அதுக்காகக் கடைச் சரக்கை ஆளுக்கொரு பேரு வச்சா விக்க முடியுமா? ரெண்டு பெட்டி பன் எடுத்துக்குங்க. காசு வேண்டாம்."

"பெட்டியை நீங்களே வச்சுக்குங்க. அட்டையை எடுங்க."

"கடை என்னுது, அட்டையும் என்னுது."

"சுத்து அவளோடது."

"சுத்துதானே உங்க பிரச்சினை?" முதலாளி உள்ளே திரும்பினார். "ஏம்மா, இந்த நிமிஷத்துல இருந்து வலது பக்கம் சுத்துங்க. ஒண்ணுகூட இடது பக்கம் வரக்கூடாது. தீர்ந்துதா?"

மனைவியின் கை உலகத்தில் மிச்சமிருந்த இடம் இது ஒன்றுதான். அதையும் அவனே வாய் கொடுத்துக் கெடுத்துவிட்டான்.

"நிக்காது முதலாளி" என்றாள் வலைக்காரி.

"ஏன் நிக்காது?"

"அக்கா சொல்லிக் கொடுத்த முறுக்குக்கு இடது பக்கம் சுத்தினாத்தான் பிடிக்கும். மாத்திச் சுத்தினா பிரிஞ்சுடும்."

"மாவு என்ன, சொன்ன பேச்சு கேக்காதா? தள்ளு."

முதலாளி சட்டைக் கையை மடித்தார். அவள் முறுக்கி வைத்திருந்த ஒன்றை எடுத்து வலது பக்கமாகச் சுற்றித் தட்டில் வைத்து, கடைக்கே தெரியும்படி தூக்கிக் காட்டினார். மெதுவாக ஒரு சுற்று விட்டது. பிறகு இன்னொன்று. வால் தட்டைத் தாண்டித் தொங்கியது.

"முதலாளி, உங்க தாத்தா வாலை ஆட்டறாரு" என்றார் வரிசையில் நின்ற ஆட்டோக்காரர். கடையே சிரித்தது.

"மாவு சரியில்லை." இன்னொன்றை எடுத்தார். அதுவும் நெளிந்து படுத்தது. மூன்றாவதை எடுக்கப் போனவர் கையைத் துடைத்துக்கொண்டார். "சரி சரி. பழையபடியே சுத்துங்க."

"பழையபடின்னா யார் படி?" என்று அவன் கேட்டான்.

முதலாளி கல்லாவில் உட்கார்ந்து சில்லறையைப் பார்த்தார். அட்டையை எடுக்கவில்லை.

"போலாம் மாமா. உங்க ஊர் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"நீ போ."

"டிக்கெட்?"

"கிழிச்சுப் போடு."

ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். நாலு மாதமாக எண்ணி எண்ணிப் பேசியவன் அட்டையை விரலால் தட்டி, ஆட்டோக்காரரிடம் சத்தமாகச் சொன்னான்.

"இதுல எழுதியிருக்கறது பொய். இதெல்லாம் என் பொண்டாட்டி சுத்தினது."

"எதெல்லாம்?"

"இடது பக்கம் போறது அத்தனையும்."

அடுத்து வந்தவருக்கும் அதையே சொன்னான். மைத்துனி இன்னொரு நாற்காலியைத் தேடிப் போனாள்.