பத்திரிகையின் முதல் வரி

எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் முதல் வரி மாறியதே இல்லை: 'இந்நகருக்குப் பெயர் தந்த குடும்பம்.' படகுத்துறை நடத்திய என் கொள்ளுப்பாட்டனாரின் பெயர்தான் நகரின் பெயர். பேத்தியின் பத்திரிகையும் அந்த வரியோடு அச்சகத்தில் இருந்தது. புதுப் பாலத்துக் கல்லில் அதைப் பொறிப்பதா என்று நகராட்சிக் குழு அன்று காலை முடிவு செய்யவிருந்தது. கொள்ளுப்பாட்டனாரின் படகுத்துறைப் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு நடைகூடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

குழுவின் மொழிபெயர்ப்பாளர் என் மருமகள். அறையிலிருந்து வந்தவள் பக்கத்தில் உட்காரவில்லை.

"மாமா, வெளிநாட்டு மாலுமிங்களோட பழைய வரைபடத்துல இதே பேர் இருக்கு. அவங்க மொழியில ஊர்ப் பேரெல்லாம் பெண்பால், அதனால கடைசியில 'ஆ' சேர்த்திருக்காங்க. வடக்கு வியாபாரிங்க 'இந்த ஊருக்கு'ன்னு காட்டுற வேற்றுமை உருபையும் சேர்த்தே பேரா எழுதிட்டாங்க. ரெண்டுலயும் அடிச்சொல் ஒண்ணுதான். ஆழமில்லாத துறைன்னு அர்த்தம். அந்தத் துறையில பொறந்ததாலதான் கொள்ளுத்தாத்தாவுக்கே அந்தப் பேரு."

"வரைபடத்தைவிடப் பத்திரம் பழசு."

"பத்திரத்துல வருஷத்தைச் சுரண்டி மாத்தியிருக்கு."

"குடும்ப மானத்தைக் கப்பலேத்தப் போறியா?"

"மொழிபெயர்ப்புக்குக் கீழ என் கையெழுத்து இருக்கு மாமா. நான் மறைக்க மாட்டேன். நீங்களா சொல்றீங்களா, நான் சொல்லவா?"

கடைநிலை ஊழியர் கதவைத் திறந்தார். "ஊருக்கே பேர் வெச்ச ஐயா, வாங்க! என்ன, ரெண்டு பேரும் சம்பந்திச் சண்டை மாதிரி முறைச்சுக்கிட்டு இருக்கீங்க?"

உள்ளே குழுத் தலைவர் கேட்டார்: "இந்த வருஷம் சரிதானா?"

மருமகள் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது நடந்தது அது. அப்பா சவர பிளேடால் அந்த எண்ணைச் சுரண்டினார். "ஊதுடா" என்றார். ஊதினேன்.

ஆமாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அடுத்த நிமிடம் என் வீட்டுப் பெண் எழுந்து, சபை நடுவே என்னைப் பொய்யன் என்று சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் அந்த நிலையை வைத்ததில்லை.

எழுந்துபோய்ப் பத்திரத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினேன். அந்த ஓர் எண்ணின் வழியே மட்டும் வெயில் தெரிந்தது.

"சுரண்டினது எங்கப்பா. தூளை ஊதினது நான். ஊர்தான் எங்களுக்குப் பேர் குடுத்திருக்கு."

மருமகளின் பேனா ஓடியது. பிறகு தலை நிமிராமலே கேட்டாள்: "நிஜமான வருஷம் என்ன மாமா?"

சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அச்சகத்துக்குப் போன் செய்தேன். "முதல் வரியை எடுத்துடுங்க."

"அந்த இடத்துல என்ன போடறதுங்க ஐயா?"

"பொண்ணு பேரைக் கொஞ்சம் மேலே ஏத்துங்க."