சங்கு ஊதும்போது எடுத்த படம்

கல்லூரி மணிக்கூண்டை ராத்திரி வெளிச்சத்தில் படம் எடுத்து, பெரிதாக்கி, கண்ணாடி போட்டுத் தர வேண்டும் என்று அங்கே பாடம் நடத்தும் ஜயலக்ஷ்மி மேடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் ஸ்டுடியோவுக்கு வந்து கேட்டார். பிரின்சிபால் சடகோபன் ஓய்வு பெறுகிறாராம், ஆசிரியர்களின் அன்பளிப்பாம். எனக்குச் சிரிப்பு வந்தது. பதினோரு வருஷமாகக் காத்திருக்கிறேன். கொக்குக்குக்கூட இவ்வளவு பொறுமை கிடையாது.

1982. ராஜபாளையத்தில் அதே கல்லூரியில் கெமிஸ்ட்ரி கடைசி வருஷம். காலை ஒன்பதுக்கு பிராக்டிகல் பரீட்சை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த பஸ் வழியில் பஞ்சர். மீதி தூரம் ஓடியே வந்தேன். நான் கேட்டைத் தொட்டபோதுதான் மில் சங்கு ஒன்பது ஊதியது. ஊரே அந்தச் சங்கைக் கேட்டுத்தான் கைக்கடிகாரத்தைத் திருத்தும். மணிக்கூண்டு மட்டும் ஒன்பது ஏழு காட்டியது. உள்ளே சடகோபன் நின்றார்.

"சார், இப்பதான் சங்கு ஊதுது சார்!"

"சங்கு மில்லுக்கு. இங்க மணி அதுதான்" என்று கூண்டைக் காட்டிவிட்டு, கேட்டைப் பூட்டச் சொன்னார்.

மில் லேபில் எனக்கென்று வைத்திருந்த வேலை வேறொருவனுக்குப் போனது. மறு வருஷம் எழுதுவதற்குள் அப்பா படுத்துவிட்டார். நான் கேமராவைத் தூக்கினேன்.

படம் எடுக்கப் போன இரவு வாட்ச்மேன் இருளப்பசாமி கேட்டைத் திறந்துவிட்டார். ஸ்டாண்டில் கேமராவை மாட்டியபடி கேட்டேன்.

"அண்ணாச்சி, மணி இன்னும் முந்தித்தான் ஓடுதா?"

"ஓடாம? வாராவாரம் சாவி குடுக்கையில சங்குக்கு ஏழு நிமிசம் கூட்டி வைக்கச் சொல்லி பிரின்சிபால் உத்தரவுல்லா. பயலுவ பயந்து வெரசா வருவானுவளாம். வெளிய மூச்சு விடப்படாதுன்னுட்டாவ."

இத்தனை நாள் கடிகாரம்தான் கோளாறு என்று நினைத்திருந்தேன். தெரிந்தேதான் பூட்டியிருக்கிறார்!

ராத்திரி ஒன்பதுக்கும் சங்கு உண்டு. அது ஊதத் தொடங்கியதும் ஷட்டரைத் திறந்து முப்பது எண்ணி மூடினேன். முள் இரண்டும் படத்தில் துல்லியமாக விழுந்தன.

கண்ணாடியின் அடியில் கொடுத்தவர் பெயர் எழுதுவது வழக்கம். ஆசிரியர்கள் பெயருக்குக் கீழே நானாக ஒரு வரி சேர்த்தேன்: 'மில் சங்கு இரவு ஒன்பது ஊதும்போது எடுத்தது.'

"அடடே, அழகா இருக்கே!" என்றார் மேடம். படத்தில் மணியை அவர் பார்க்கவில்லை.

விழாவில் படத்தை மேடையில் தூக்கிப் பிடித்து, அந்த வரியை மைக்கில் வாசித்ததும் மேடமே. படத்தைப் பார்த்து முன்வரிசையில் ஒரு மாணவன் கத்தினான்: "ஏலே, ஒம்பது ஏழுலே!"

மண்டபம் சிரித்து அடங்க வெகு நேரமானது. எத்தனை பேரை அந்த ஏழு நிமிடம் வெளியே நிறுத்தியதோ, அத்தனை பேரும் சேர்ந்து சிரித்த மாதிரி இருந்தது. சடகோபன் படத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், ஓரத்தில் கேமராவோடு நின்ற என்னைப் பார்த்தார். கும்பிட்டேன்.

"கெமிஸ்ட்ரி பொன்னுராஜ், சார்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன்?

நெகட்டிவ் என்னிடம் இருந்தது. இன்னொரு பிரதி போட்டு ஸ்டுடியோ வாசலில் மாட்டினேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே குடியிருக்கும் சடகோபன் தினமும் காலையில் ஆண்டாள் கோயிலுக்குப் போகும் தெரு அது. இப்போது பின்தெரு வழியாகச் சுற்றிப் போகிறார். ஒருநாள் அந்த வழியே நடந்து பார்த்தேன். ஏழு நிமிடம் கூடுதல்.