புதுக்கோட்டை மாப்பிள்ளை

நீலமேகத்தை எனக்கு ஏன் அவ்வளவு பிடித்துப்போனது என்று யோசித்துப் பார்த்தேன். அவன் கூச்சக்காரன்; நானும். யாராவது ஏதாவது கேட்டால் அவனுக்குப் பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றும், எனக்கும். அவனுக்கு ஒரே அக்காள், எனக்கும். அக்காளைக் கட்டப்போகிறவன் மோசக்காரன் என்று தெரிந்தும் அவன் வாய் திறக்கவில்லை. அவள் கிணற்றில் விழுந்தாள். நாவலின் பிற்பாதி முழுவதும் அவன் பித்துப்பிடித்து ஊர் ஊராக அலைகிறான். சிம்மக்கல் வாசகசாலையில் இரவல் வாங்கிய அந்தப் புத்தகத்தை ஒவ்வொரு முறை படித்தபோதும் அழுதேன். நீலமேகம் வேறு யாரோ அல்ல, பெயர் மாற்றி வைக்கப்பட்ட தனிஸ்லாஸாகிய நான்தான் என்று முடிவு செய்தேன். பதினேழு வயதில் இப்படி முடிவு செய்யலாமா என்ற சந்தேகமும் உண்டு.

அந்தச் சமயத்தில்தான் என் அக்காள் பிலோமினாளைப் பெண் பார்க்க மைக்கேல்ராஜ் வந்தார். திண்டுக்கல்காரர், உபாத்தியாயர்.

"எந்த ஊர்ல வேலை?" என்று அம்மா கேட்டாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "புதுக்கோட்டை" என்றார்.

நாவலில் வரும் மோசக்காரனும் ஒவ்வொரு பொய்க்கு முன்னாலும் கண்ணாடியைத் துடைப்பான்.

அம்மாவுக்கோ பூரிப்பு. மறுநாளே தெருவெல்லாம் பரவிவிட்டது. "சமஸ்தானத்து வாத்தியாரு! ராஜா அரமனைக்குப் பக்கத்துலதான் பள்ளிக்கூடமாம்!" அரண்மனையைப் பற்றி அவர் ஏதும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

மாலை டைப்ரைட்டிங் வகுப்பில் எனக்குப் பக்கத்து மெஷினில் உட்காருகிறவன் உமர் பாரூக். அவனுடைய மாமு புதுக்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். விசாரித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். அடுத்த வாரம் அவன் அடிப்பதை நிறுத்தாமலே சொன்னான்.

"மாப்ள, அங்க இருக்கிற வேதக்காரப் பள்ளிக்கூடம் எல்லாத்துலயும் மாமு கேட்டுட்டாரு. மைக்கேல்ராஜுன்னு ஒரு வாத்தியாரும் கிடையாதாம். ஒங்க அத்தான் காத்துலதான் பாடம் நடத்துறாரு போல!"

வேதக்கோவிலில் அதற்குள் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவதும் வாசித்துவிட்டால் தாலிதான். "விக்கினம் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடவார்கள்" என்று ஓலையின் கடைசியில் வரும். யாரும் தெரிவிப்பதில்லை, இருமுவார்கள். நீலமேகமாக இருந்தால் அவனும் இருமியிருப்பான். நான் சனிக்கிழமையே சாமியாரைத் தேடிப் போனேன்.

"என்ன விக்கினம்?" என்றார் அவர். "முன்னாலயே கலியாணம் ஆனவனா?"

"தெரியாது, சாமி."

"ரத்த உறவா?"

"இல்ல, சாமி. மூக்குக்கண்ணாடியத் துடைக்கிறாரு."

தம் கண்ணாடியை நோக்கிப் போன கையைச் சாமியார் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகுதான் புதுக்கோட்டை விஷயத்தைச் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. விசாரித்து முடியும்வரை மூன்றாம் ஓலை வாசிப்பதில்லை என்றார்.

மறுநாள் பூசையில் ஓலை வாசிக்கவில்லை. பூசைக்குப் பிறகு சாமியார் அம்மாவைக் கூப்பிட்டுக் காரணத்தையும் காரணமானவனையும் சொல்லிவிட்டார். அம்மா அழுதாள். அக்காள் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

ஓலையைக் கேட்க வந்து ஏமாந்த மைக்கேல்ராஜ், எங்கள் பின்னாலேயே சைக்கிளில் வீட்டுக்கு வந்துவிட்டார். புதுக்கோட்டையிலிருந்து சைக்கிளிலா வந்தார் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

"நான் வேல பாக்குறது நாகமலை புதுக்கோட்டைங்க," என்றார். கண்ணாடியைத் துடைத்தார். வழியெல்லாம் புழுதி. "எந்தப் புதுக்கோட்டைன்னு நீங்க கேக்கவே இல்லியே?"

ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு புதுக்கோட்டை இருப்பது எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது மனம் சமஸ்தானத்துக்குத்தான் போகிறது.

"அந்தப் பட்டிக்காட்டுலயா?" அம்மாவின் அழுகை நின்றுவிட்டது. "தெருவுல நான் எப்பிடித் தல காட்டுவேன்? வேணாம். இந்தச் சம்பந்தமே வேணாம்."

இல்லாத ஒரு விக்கினத்தைத் தேடிப் போனவன், நிஜமான ஒன்றைக் கொண்டுவந்து வீட்டுக்குள் விட்டுவிட்டேன்.

"அம்மா, அவரு பொய் சொல்லலியே," என்றேன்.

"நீ வாய மூடுடா! இம்புட்டு நாளும் அத ஒண்ணத்தான ஒழுங்கா செஞ்ச."

அடுப்படியிலிருந்து அக்காள் வெளியே வந்தாள். மாப்பிள்ளை எதிரில் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"நான் என்ன ராஜாவையா கட்டிக்கப் போறேன்? எனக்கு இவரப் பிடிச்சிருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழம ஓலய வாசிக்கச் சொல்லு. அரமன வேணும்னா நீ போயி இருந்துக்க."

மைக்கேல்ராஜ் கண்ணாடியைக் கழற்றியவர், துடைக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அம்மா மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

"காப்பிக்குச் சீனி எம்புட்டுப் போடணும்னு அவருட்டக் கேளுடி."

அவர் போன பிறகு அக்காளிடம் நீலமேகத்தைப் பற்றிச் சொன்னேன். அவளும் அந்த நாவலைப் படித்திருக்கிறாள், எனக்கு முன்பே.

"நீ நீலமேகமா?" அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அதுல சகுனம் சொல்லிச் சொல்லியே ஊர்க் கல்யாணத்தை எல்லாம் நிறுத்துவாரே ஒரு பஞ்சாங்கக்காரரு, அவரு வாரப்பல்லாம் எனக்கு ஒன் மூஞ்சிதாண்டா தெரிஞ்சுச்சு!"

அந்தப் பக்கங்களை நான் ஒவ்வொரு முறையும் தாண்டிக் குதித்து நீலமேகத்திடம் ஓடியிருக்கிறேன். இன்று உட்கார்ந்து வரி விடாமல் படித்தேன். கொஞ்சம் ஒத்துப்போகிறது என்று இந்த நாட்குறிப்பில் எழுதினேன். பிறகு 'கொஞ்சம்' என்ற சொல்லை அடித்துவிட்டேன்.